ஆர்வம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேலைகளைத் தள்ளிப்போடும் பழக்கத்தைப் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பலவும் ஒரே கவலையையே பேசியதால், அவற்றிலிருந்து ஆறு கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

அப்பா காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. கிராமத்தில் இருக்கும் ஒன்றரை ஏக்கர் நிலத்தின் பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. இந்த மாதம் முடித்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைக்கிறேன். பத்திரங்கள் இருக்கும் பையைப் பீரோவிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதுமாகவே காலம் போகிறது. அண்ணனிடமும் இதைப் பற்றி இன்னும் பேசவில்லை. அலுவலகத்தில் எந்த வேலையையும் நிலுவையில் வைக்காத எனக்கு இது மட்டும் ஏன் நகர மறுக்கிறது?
— வாசகி, கும்பகோணம்

அலுவலகத்தில் எதையும் நிலுவையில் வைக்காதவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. நீங்களும் உங்களை அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டாம். தள்ளிப்போடுவதை நேரத்தைக் கையாளத் தெரியாத குறையாகப் பார்ப்பதைவிட, அந்த நேரத்து மனக்கசப்பிலிருந்து தப்பிக்கும் வழியாகப் பார்ப்பதே பொருத்தம் என்று கனடாவைச் சேர்ந்த ஃபூஷியா சிரோய், டிமோதி பிச்சில் என்ற இரு உளவியலாளர்கள் 2013-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார்கள். பையைத் திறந்தால் அப்பாவின் கையெழுத்து கண்ணில் படுகிறது, அண்ணனிடம் பேச வேண்டியதும் நினைவுக்கு வருகிறது. பையைத் திரும்ப வைத்ததும் மனம் லேசாகிறது. அந்த நிம்மதிதான் அடுத்த மாதமும் உங்களைப் பையைத் திரும்ப வைக்கச் செய்கிறது.

நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், பட்டா மாறுதல் உங்களைத் தடுப்பதாகத் தெரியவில்லை. அண்ணனுக்குச் செய்ய வேண்டிய ஒரு தொலைபேசி அழைப்பு தடுக்கிறது. அந்த அழைப்பைச் செய்தால் நிலத்தை யார் எடுத்துக்கொள்வது, எப்படிப் பிரிப்பது என்ற பேச்சு வந்துவிடுமோ என்று தயங்குகிறீர்கள் போலும். பாகம் பிரிக்காமலேயே வாரிசுகள் அனைவரின் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றிக்கொள்ள முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பாகப்பிரிவினைப் பத்திரம், சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்வது ஆகியவையெல்லாம் தனித்தனிப் பட்டா கேட்கும்போது வரும் வேலைகள். ஆகவே, "அப்பா பெயரிலேயே கிடக்கிறது, இப்போதைக்கு நம் எல்லோர் பெயரிலும் கூட்டாக மாற்றிவிடலாமா அண்ணா?" என்று மட்டும் கேளுங்கள். பங்கு பற்றிய பேச்சை இந்த அழைப்போடு முடிச்சுப் போடாதீர்கள்.

அந்த அழைப்பும் இன்று மலையாகத் தெரிந்தால், அதற்கு முன்னால் ஒரு சிறிய வேலை இருக்கிறது. அரசின் நிலப் பதிவேடுகளுக்கான இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண்ணைக் கொடுத்தால் இப்போதைய பட்டா திரையில் வந்துவிடும். அதில் யார் பெயர் இருக்கிறது, பரப்பு சரியாக இருக்கிறதா, பெயரில் எழுத்துப் பிழை உண்டா என்று பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அது போதும். மற்றொரு நாள் அப்பாவின் இறப்புச் சான்றிதழை மட்டும் தேடி எடுத்து நகல் போட்டு வையுங்கள். அதன் பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று காகிதம் தன் வழியில் நடக்கத் தொடங்கிவிடும். அப்போது அவர்கள் உங்களைக் கூப்பிடுவார்கள், நீங்களும் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். இந்த வேலையில் உங்கள் மனவலிமை தேவைப்படுவது விண்ணப்பம் கையை விட்டுப் போகும்வரைதான். "பட்டா மாறுதல்" என்று நாட்குறிப்பில் எழுதிவைப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அது ஒரு வேலையின் பெயர் இல்லை, பத்துப் பன்னிரண்டு வேலைகளின் மொத்தப் பெயர். மொத்தப் பெயரைப் பார்த்து யாருக்கும் கை எழாது.

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். காலை 4 மணியிலிருந்து இரவு 10 மணி வரை அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுகிறேன். மூன்றாம் நாள் அது உடைந்துவிடுகிறது. உடனே புதிய அட்டவணை போடுகிறேன். அட்டவணை போடும் நாளில் மட்டும் எனக்கு எங்கிருந்தோ உற்சாகம் வந்துவிடுகிறது.
— வாசகர், மதுரை

அட்டவணை போடும் நாளில் உற்சாகம் வருவதில் வியப்பில்லை. படித்து முடித்த சுகத்தில் ஒரு பங்கை, படிக்காமலேயே அன்றைக்கு அனுபவித்துவிடுகிறீர்கள்.

ரோஜர் பியூலர் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1994-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உங்களுக்காகவே செய்தது போல இருக்கும். ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டபோது, அவர்கள் சொன்னது சராசரியாக 34 நாட்கள். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு ஏறத்தாழ 49 நாட்கள் என்றார்கள். உண்மையில் அவர்களுக்கு ஆனது 55 நாட்களுக்கும் மேல். மிக மோசமான நிலையைக் கற்பனை செய்தும் மனிதர்களுக்குத் தங்கள் வேகத்தைக் கணிக்க வரவில்லை என்னும்போது, விருந்தாளி வருவதையும் மின்தடையையும் தலைவலியையும் கணக்கில் எடுக்காத உங்கள் 18 மணி நேர அட்டவணை மூன்று நாள் தாங்கியதே பெரிது.

சுவரில் இருப்பதைக் கழற்றிவிட்டு, ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: "இரவுச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும், வாசல் அறை மேசையில் உட்கார்ந்து ஐந்து கணக்குகள் போடுவேன்." எதற்குப் பிறகு, எந்த இடத்தில், என்ன செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைக்கும் இந்த முறையைப் பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் நெடுங்காலம் ஆராய்ந்தார். அவரும் பாஸ்கல் ஷீரனும் சேர்ந்து 94 சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்டபோது, வெறுமனே உறுதி எடுத்துக்கொள்பவர்களைவிட இப்படி முடிச்சுப் போடுபவர்கள் செயலில் தெளிவாக முன்னிற்பது தெரிந்தது. "காலை 4 மணி" என்பது கடிகாரத்தை நம்புகிறது. நீங்கள் தூங்கிவிட்டால் அந்த நாளே கைவிட்டுப் போனதாகத் தோன்றிவிடும். தட்டைக் கழுவுவதோ எப்படியும் நடந்தே தீரும்.

கணக்கு ஏன் என்று நீங்கள் கேட்கலாம். குரூப் 4 தாளின் 200 கேள்விகளில் 100 தமிழுக்கு, 75 பொது அறிவுக்கு, மீதமுள்ள 25 மட்டுமே கணக்குக்கும் மனத்திறனுக்கும் உரியவை என்பதால், மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் தமிழில்தான் தொடங்க வேண்டும். ஆனால் தனிவட்டிக் கணக்கு ஒன்று இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். விடை சரியா தவறா என்பதும் உடனே தெரிந்துவிடும். ஒன்றை முடித்த கைக்கு அடுத்ததைத் தொடுவது எளிது. ஐந்து கணக்கு முடிந்தபின், அதே சூட்டில் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் ஓர் இயலை எடுத்துக்கொண்டால், வெறும் வயிற்றில் படிக்க உட்கார்ந்தது போன்ற தவிப்பு இராது. உங்கள் ஊரில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது அங்கே போய் உட்காருங்கள். சுற்றிலும் தலைகுனிந்து படித்துக்கொண்டிருப்பவர்கள் நடுவில் கைபேசியை நோண்ட நமக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். சாதாரணப் பிளவுஸ் என்றால் மடமடவென்று முடித்துவிடுவேன். பட்டுப் பிளவுஸும் வேலைப்பாடு உள்ளவையும் மட்டும் கட்டைப்பையில் அப்படியே கிடக்கின்றன. முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவு விழித்து உட்கார்ந்துதான் தைக்கிறேன். வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள்.
— வாசகி, ஈரோடு

எங்களுக்கு வந்த கடிதங்களிலேயே காரணத்தைத் தானாகக் காட்டிக்கொடுத்த கடிதம் உங்களுடையதுதான். தைக்க நீங்கள் அஞ்சவில்லை, வெட்டத்தான் அஞ்சுகிறீர்கள். தையலைப் பிரித்து மறுபடி தைக்கலாம். கத்தரி பட்ட பட்டுத்துணியை ஒட்ட முடியாது. புடவையோடு வந்த ஒரே ஒரு துண்டு வீணாகிவிட்டால் அதே நிறத்தில் வேறு துணி கிடைக்காது என்ற பயம் நியாயமானதுதான். முதல் நாள் இரவில் நேரமே இல்லை என்ற நிலை வந்ததும், தைக்காவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் வெட்டும் பயத்தைவிடப் பெரிதாகிவிடுகிறது, அதனால் கத்தரியை எடுக்கிறீர்கள். களைத்த கண்ணோடு, மின்விளக்கு வெளிச்சத்தில், வெட்டக் கூடாத நேரத்தில் வெட்டுகிறீர்கள் என்பதுதான் இதில் கவலை தரும் விஷயம்.

லைனிங் (உள்துணி) வைத்துத் தைக்கும் பிளவுஸ்களில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. துணி வந்த அன்றே, அளவுப் பிளவுஸைப் பார்த்து லைனிங்கை மட்டும் வெட்டி வைத்துவிடுங்கள். லைனிங் துணி தவறினால் நஷ்டம் சில ரூபாய்தான் என்பதால் கை நடுங்காது. வெட்டிய லைனிங்கைப் பட்டின் மேல் வைத்துக் குண்டூசி குத்திவிட்டால், மறுநாள் காலை வெளிச்சத்தில் செய்ய வேண்டியது அதன் விளிம்பை ஒட்டிக் கத்தரியை நடத்துவது மட்டுமே. முடிவெடுக்கும் வேலையும் வெட்டும் வேலையும் இப்படி இரண்டு நாளாகப் பிரிந்துவிட்டால் பயமும் பாதியாகிவிடும்.

இன்னொன்று, நூலின் நிறத்தைப் பார்த்து வேலையை அடுக்குங்கள். மெரூன் நூல் கோத்திருக்கும்போது மெரூன், அரக்குச் சிவப்பு பிளவுஸ்களை எல்லாம் ஒரே ஓட்டத்தில் தைத்துவிட்டுப் பிறகு பச்சைக்குப் போங்கள். ஒவ்வொரு பிளவுஸுக்கும் நூலை மாற்றி, பாபினைச் சுற்றி, தையல் இழுவை சரிபார்க்கும்போதெல்லாம் வேலை அறுபடுகிறது. அறுபடும் இடத்தில்தான் எழுந்துபோய்த் தேநீர் போடத் தோன்றுகிறது. கொக்கி கட்டுவது, கையால் விளிம்பு மடித்துத் தைப்பது போன்ற வேலைகளை மதியத் தூக்கக் கலக்க நேரத்துக்கு ஒதுக்கலாம், அவற்றுக்கு மூளை அதிகம் வேண்டியதில்லை.

இரவு மிஷினை மூடும்போது ஒரு தையலைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருங்கள். பக்கத் தையலில் பாதி ஓடி, துணி ஊசிக்கடியிலேயே இருக்கட்டும். பெர்லினில் உளவியலாளர் கர்ட் லெவினின் மாணவியாக இருந்த மரியா ஓவ்சியாங்கினா 1928-இல் வெளியிட்ட சோதனைகளில், இடையில் நிறுத்தப்பட்ட வேலைக்கு மனிதர்கள் யாரும் சொல்லாமலேயே திரும்பிப் போனதைக் காட்டினார். முழுதாக முடித்துச் சுத்தமாகத் துடைத்து வைத்த மிஷின் காலையில் உங்களை அழைக்காது. பாதித் தையல் அழைக்கும். அதை ஓட்டி முடிப்பதற்குள் கை சூடாகிவிடும். ஊசியின் கீழ் பட்டுத்துணி இருக்கும் நாளில் மட்டும் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷின் பாதத்தின் தடம் விழுந்துவிடும்.

வேலைகளைப் பட்டியலிட்டு நினைவூட்டும் கைபேசிச் செயலிகள் உதவுமா? 25 நிமிடக் கடிகார முறை நல்லதா?
— வாசகர், கோயம்புத்தூர்

பட்டியல் போடுவதே ஒரு வேலையாகிவிடாதவரை உதவும். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் மாணவராக இருந்தபோது, 1980-களின் பிற்பகுதியில், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்துத் தொடங்கியதுதான் அந்த 25 நிமிட முறை: மணி வைத்து 25 நிமிடம் வேலை, பிறகு சிறிது ஓய்வு. தொடங்கவே முடியாமல் தவிப்பவர்களுக்கு அது நல்ல துணை. வேலையில் ஆழ்ந்துவிட்டபோது மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன் ரெக்கார்டு நோட்டு எழுதுவதைக்கூடக் கடைசி இரவு வரை தள்ளிப்போடுகிறான். இரண்டு அரியர் வந்துவிட்டன. அவன் அப்பா "சோம்பேறி" என்று திட்டுகிறார். நான் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை "முடிச்சிட்டியாப்பா?" என்று கேட்கிறேன். இருவர் சொல்லையும் அவன் காதில் வாங்குவதில்லை.
— வாசகி, சேலம்

"முடிச்சிட்டியா?" என்ற கேள்விக்கு அவனிடம் இருக்கும் ஒரே பதில் "இல்லை" என்பதுதான். ஒரு நாளைக்கு ஐந்து முறை "இல்லை" என்று சொல்லும் பிள்ளைக்கு, அந்த நோட்டைக் கண்டாலே தோற்ற உணர்வு வந்துவிடும். அதற்குப் பதிலாக, "எந்தச் சோதனையில நிக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் சொல்ல அவன் நோட்டைத் திறந்தாக வேண்டும். படம் வரையத் தெரியவில்லையா, அளவீடுகள் எழுதிய தாளைத் தொலைத்துவிட்டானா, புரியாத கணக்கில் நிற்கிறானா என்பது அப்போதுதான் வெளியே வரும். தொலைந்த தாளைச் சொல்ல வெட்கப்பட்டே வாரக்கணக்கில் நோட்டைத் தொடாமல் இருக்கும் மாணவர்கள் உண்டு. நண்பனிடம் வாங்கிப் பார்த்து எழுத அரை மணி நேரம் போதும்.

இரவுச் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு நீங்கள் வீட்டுக் கணக்கு நோட்டோடு ஒரு பக்கம் உட்காருங்கள், அவன் மறுபக்கம் உட்காரட்டும். அவன் என்ன எழுதுகிறான் என்று எட்டிப் பார்க்க வேண்டாம். கணவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: "சோம்பேறி" என்ற சொல்லைப் பத்து வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவனுக்கு அது திட்டாகப் படுவதில்லை, தன்னைப் பற்றிய தகவலாகவே படுகிறது. அரியர் தாள்களுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளை அவன் கையாலேயே நாட்காட்டியில் வட்டமிடச் சொல்லலாம். அதை நினைவூட்டும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பள்ளியில் ஆசிரியையாக இருந்துகொண்டே பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் காய்ச்சல், பிறகு மூட்டுவலி என்று பல மாதங்கள் நின்றுவிட்டது. இப்போது கோப்பைத் திறக்கவே பயமாக இருக்கிறது. நெறியாளரின் அழைப்பையும் எடுப்பதில்லை. இன்னொரு கேள்வி: சில நாட்களில் குளிக்கவும் சாப்பிடவும்கூட மனம் வருவதில்லை. இதுவும் தள்ளிப்போடும் பழக்கம்தானா?
— வாசகி, திருநெல்வேலி

முதல் கேள்விக்கு முதலில் வருவோம். நின்றுபோன மாதங்களை ஈடுகட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். தினமும் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டிருந்தவர், இடைவெளிக்குப் பிறகு பத்துப் பக்கம் எழுதித்தான் திரும்ப வேண்டும் என்று தமக்குத் தாமே அபராதம் போட்டுக்கொண்டால், அந்த அபராதத் தொகையைப் பார்த்தே மறுபடி தள்ளிப்போடுவார். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குப் படிப்பதைக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். தன்னைத்தானே கடிந்துகொண்டால்தான் திருந்த முடியும் என்ற நம் வளர்ப்புக்கு இது நேரெதிராக இருக்கிறது.

நெறியாளருக்கு இன்று இரண்டு வரி அனுப்புங்கள்: "உடல்நலக் குறைவால் சில மாதங்கள் நின்றுவிட்டது ஐயா. அடுத்த வாரம் மூன்றாம் இயலின் இப்போதைய நிலையைக் காட்ட வருகிறேன்." நீண்ட விளக்கம் எழுத உட்கார்ந்தால் அதுவும் தள்ளிப்போகும். பிறகு கோப்பைத் திறந்து, கடைசியாக எழுதிய பக்கத்தில் ஒற்றுப் பிழைகளை மட்டும் திருத்துங்கள். புதிதாக ஒரு வரியும் எழுத வேண்டாம். பிழை திருத்திக்கொண்டே வரும்போது, "இந்த வாதத்துக்கு ஒரு சான்று கூடுதலாகத் தரலாமே" என்று எங்காவது தோன்றும். தோன்றினால் எழுதுங்கள், தோன்றாவிட்டால் மூடிவிடுங்கள். மறுநாளும் அதே வேலை. எழுந்திருக்கும் முன், அடுத்து எழுத வேண்டியதை அரைகுறை வாக்கியமாகத் தட்டச்சு செய்து வையுங்கள். ஒரு பத்தி எழுதினேன், சான்று தேடினேன் என்பது போல நாளுக்கு ஒரு வரிக் குறிப்பும் வைத்துக்கொண்டால், மறுபடி காய்ச்சல் வந்து நின்றாலும் எங்கே விட்டோம் என்று தேடி அலைய வேண்டியிராது.

உங்கள் இரண்டாவது கேள்வியை இந்தப் பதில்களோடு சேர்க்கக் கூடாது. ஒரு வேலையை மட்டும் தவிர்த்துவிட்டு மற்றவற்றில் இயல்பாக இருப்பது தள்ளிப்போடுதல். குளிப்பது, சாப்பிடுவது, பிடித்தவர்களோடு பேசுவது எதிலும் மனம் செல்லாமல், தூக்கமும் கெட்டு, அது இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நீண்ட உடல் உபாதைக்குப் பின் அது வருவது அரிதன்று. தைராய்டு குறைபாடு, ரத்தசோகை போன்றவையும் இதே போன்ற சோர்வைத் தரும் என்பதால் முதலில் பொது மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் ஒன்றில், மனம் தெளியும்வரை காத்திராமல் சிறு சிறு செயல்களை நேரம் குறித்துச் செய்ய வைப்பதையே மருந்தாகக் கையாளுகிறார்கள். மேலே சொன்ன யோசனைகளுக்கும் அதற்கும் உறவு உண்டு என்றாலும், அதை அனுபவமுள்ள ஒருவரின் துணையோடுதான் செய்ய வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.